லாகின் நிற்கவில்லையா, கேப்சா விடவில்லையா? குக்கீ, ஐபி கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"இந்த ஒரு தளத்தில் மட்டும் உள்ளே போகவே முடியவில்லை" என்று கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே ஒரு வேலையைச் செய்து முடித்திருப்பார்கள். பிரவுசரில் இருந்த குக்கீ, ஹிஸ்டரி எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக அழித்திருப்பார்கள். பழைய பிரச்சினை அப்படியே இருக்கும். போதாததற்கு, ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த மற்ற தளங்களிலிருந்தும் லாகின் போயிருக்கும். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள்.

இந்த வகைக் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான் இருக்கும். ஒன்று, உங்களை நினைவில் வைக்க அந்தத் தளம் உங்கள் பிரவுசரில் எழுதி வைத்திருக்கும் சிறு குறிப்பு, அதாவது குக்கீ. இன்னொன்று, உங்கள் இணைய இணைப்பை வெளியே அடையாளம் காட்டும் எண், அதாவது ஐபி முகவரி. எது என்று முதலில் பிரித்துவிட்டால், அழிக்க வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்.

## எதைத் தொடும் முன்பும்: இரண்டு சோதனை

சோதனை அ. அதே கணினியில், அதே பிரவுசரில் ஒரு பிரைவேட் விண்டோ திறங்கள். குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், என். ஃபயர்ஃபாக்ஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. அதில் அந்தத் தளத்தைத் திறந்து பாருங்கள்.

சோதனை ஆ. பிரைவேட் விண்டோவை மூடிவிட்டு, பழைய விண்டோவிலேயே இருந்துகொண்டு வைஃபையை மட்டும் மாற்றுங்கள். ஃபோனின் ஹாட்ஸ்பாட்டில் கணினியை இணைத்தால் போதும்.

"ஃபோனில் திறந்து பார்த்தேன், வருகிறது" என்பது சோதனை ஆகாது. ஃபோனுக்கு மாறும்போது குக்கீயும் மாறுகிறது, மொபைல் டேட்டாவாக இருந்தால் ஐபியும் மாறுகிறது. எது குணப்படுத்தியது என்று தெரியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

- அ-வில் சரியானால்: குக்கீ அல்லது எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்). பிரைவேட் விண்டோவில் எக்ஸ்டென்ஷன்கள் பொதுவாக அணைந்தே இருக்கும். ஆகவே சாதாரண விண்டோவில் அவற்றை அணைத்துப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் குக்கீதான்.
- ஆ-வில் சரியானால்: ஐபி. குக்கீயைத் தொட வேண்டாம்.
- இரண்டிலும் சரியாகவில்லை என்றால்: கீழே உங்கள் அறிகுறிக்குச் சொன்னவற்றை (கடிகாரம், குக்கீ தடை போன்றவை) முதலில் பாருங்கள். அவையும் சரி என்றால் தளத்தின் பக்கக் கோளாறு, அல்லது உங்கள் கணக்கையே முடக்கியிருக்கிறார்கள். அப்போது அந்தத் தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதுவதைத் தவிர நீங்கள் செய்ய எதுவும் இல்லை.

### ஒரே ஒரு தளத்தின் குக்கீயை மட்டும் அழிக்க

கீழே பல இடங்களில் இது வரும். குரோமில் முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் இருக்கும் சின்னத்தை அழுத்தி, குக்கீஸ் அண்ட் சைட் டேட்டா என்பதற்குள் போனால், அந்தத் தளம் வைத்திருக்கும் தரவு பக்கத்தில் குப்பைத்தொட்டிச் சின்னத்தோடு நிற்கும். ஃபயர்ஃபாக்ஸில் பூட்டுச் சின்னத்தை அழுத்தினாலே அந்தத் தளத்தின் குக்கீயை அழிக்கும் வரி கிடைக்கும். மேக் கணினியின் சஃபாரியில் செட்டிங்ஸ், பிரைவசி, மேனேஜ் வெப்சைட் டேட்டா என்று போய்த் தளத்தின் பெயரைத் தேடுங்கள். அழிக்கும் முன் பாஸ்வேர்டு கையில் இருக்கிறதா, ஓடிபி வரும் எண் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பழைய எண்ணோடு கணக்கை விட்டு வெளியே வந்துவிட்டால் திரும்ப நுழைவது பெரும்பாடு.

## அறிகுறி 1: பாஸ்வேர்டு சரி, ஆனால் மறுபடியும் லாகின் பக்கமே வருகிறது

பாஸ்வேர்டு தவறு என்று சொல்லாது. பக்கம் ஒரு கணம் மின்னும், திரும்ப அதே பெட்டி. சில சமயம் பிரவுசரே சலித்துப்போய் "டூ மெனி ரீடைரக்ட்ஸ்" என்று நிறுத்திவிடும். தளம் உங்களுக்கு அடையாளக் குக்கீயைக் கொடுக்கிறது, அடுத்த பக்கத்தில் அதைக் கேட்கும்போது பிரவுசர் காட்டவில்லை என்று அர்த்தம்.

தேதி, நேரம். கணினியின் கடிகாரத்தைப் பாருங்கள். நாளோ வருடமோ தவறினால் பல தளங்கள் லாகினை ஏற்காது, கூடவே பாதுகாப்பு எச்சரிக்கைப் பக்கங்களும் வரும். அணைத்துப் போடும்போதெல்லாம் தேதி பின்னுக்குப் போகிறது என்றால் மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. பெரும்பாலான மேசைக் கணினிகளில் அது சிஆர்2032 வகை.

பழைய குக்கீ. மேலே சொன்னபடி அந்தத் தளத்தின் குக்கீயை மட்டும் அழித்துவிட்டு, பழைய புக்மார்க்கை அழுத்தாமல் தளத்தின் முகப்பிலிருந்து லாகினுக்குப் போங்கள். பலருடைய புக்மார்க்கில் லாகின் நடுவே வரும் தற்காலிகப் பக்கத்தின் முகவரி சேமிக்கப்பட்டிருக்கும். அது காலாவதியாகிப் பல நாள் ஆகியிருக்கும்.

குக்கீ தடை. பிரவுசர் செட்டிங்ஸில் எல்லாக் குக்கீயையும் தடுத்து வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். விளம்பரத் தடுப்பான் ஏதாவது இருந்தால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணையுங்கள்.

வேறு கணக்கின் மூலம் லாகின். ஒரு தளத்துக்குள் இன்னொரு நிறுவனத்தின் கணக்கைக் கொண்டு நுழையும்போது மட்டும் சிக்கல் என்றால், மூன்றாம் தரப்புக் குக்கீ (நீங்கள் திறந்த தளம் அல்லாமல், அதற்குள் வரும் வேறு நிறுவனம் எழுதும் குக்கீ) தடுக்கப்பட்டிருக்கலாம். சஃபாரி 2020 முதல் அவற்றை முழுதாகத் தடுக்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் 2022 முதல் ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனிப் பெட்டியில் அடைத்து வைக்கிறது. குரோமின் பிரைவேட் விண்டோவிலும் அவை தடுக்கப்பட்டே இருக்கும், ஆகவே இந்த ஒரு கோளாறுக்குச் சோதனை அ தவறான பதில் தரும். வழி: அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்கு கொடுங்கள், அல்லது அதே தளத்தில் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வைத்து நேரடியாக நுழையுங்கள். இரண்டாவதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அலுவலகக் கணினி. இத்தனையும் செய்து பயனில்லை, கணினி நிறுவனத்துடையது என்றால் நிறுத்திவிடுங்கள். குக்கீ விதிகளை நிர்வாகி மேலிருந்து பூட்டியிருக்கலாம். செட்டிங்ஸில் உங்கள் நிறுவனம் இந்தப் பிரவுசரை நிர்வகிக்கிறது என்ற வரி தெரிந்தால் ஐடி பிரிவைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: நேற்று லாகின் செய்தேன், இன்று மறுபடி கேட்கிறது

முதலில், நீங்கள் வழக்கமாகத் திறப்பதே பிரைவேட் விண்டோவா என்று பாருங்கள். ஃபோனில் இது ரொம்ப சகஜம். ஒரு தடவை பிரைவேட் டேபுக்கு மாறியவர்கள் அதிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அடுத்து, லாகின் பெட்டிக்குக் கீழே இருக்கும் நினைவில் வைத்துக்கொள் என்ற கட்டம். அதை டிக் செய்யாவிட்டால் சில தளங்கள் பிரவுசரை மூடும்வரைதான் குக்கீயை வைத்திருக்கும். பிறகு, பிரவுசரை மூடும்போது எல்லாத் தரவையும் அழி என்ற செட்டிங். அப்புறம் கிளீனர் ஆப்கள். வேகமாக்குகிறேன் என்று சொல்லிக்கொண்டு இரவோடு இரவாகக் குக்கீயைத் துடைத்துவிடும் இந்த ஆப்களை நீக்கிவிடுங்கள். அவற்றால் வேகம் கூடியதை நான் பார்த்ததில்லை, லாகின் போனதைத்தான் பார்த்திருக்கிறேன்.

இவை எதுவும் இல்லை என்றால் இடைவெளியை அளந்து பாருங்கள்:

- சில நிமிடம் சும்மா இருந்தாலே வெளியேற்றுவது வங்கித் தளமா? அது வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு. சரிசெய்ய எதுவும் இல்லை.
- சஃபாரியில் ஒரு வாரத்துக்கு ஒரு முறையா? தளத்தின் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கீக்கு அங்கே 7 நாள்தான் ஆயுள். தளத்துக்காரர்தான் மாற்ற வேண்டும்.
- ஏறத்தாழ ஒரு வருடம் கழித்தா? குரோம் 2022 முதல் எந்தக் குக்கீக்கும் 400 நாளுக்கு மேல் ஆயுள் தருவதில்லை.
- வீட்டை விட்டு வெளியே போகும்போது, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது, விபிஎன் (உங்கள் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை) போடும்போது மட்டுமா? அந்தத் தளம் லாகினை ஐபியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. விபிஎன் என்றால் ஒரே சர்வரைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 3: குக்கீ ஒப்புதல் பட்டை விடாமல் வருகிறது

நீங்கள் "நிராகரி" என்று அழுத்தியதை நினைவில் வைப்பதும் ஒரு குக்கீதான். குக்கீயை அழித்துக்கொண்டே இருந்தால் கேள்வியும் வந்துகொண்டே இருக்கும். அடிக்கடி போகும் தளங்களை மட்டும் மூடும்போது அழி என்ற பட்டியலிலிருந்து விலக்குங்கள்.

நிராகரித்தால் லாகின் உடைந்துவிடுமோ என்று பயந்து எல்லாவற்றையும் ஏற்கிறவர்கள் நிறைய. பயம் வேண்டாம். ஐரோப்பிய விதிகளின்படி லாகின், வாங்கும் கூடை போன்ற அத்தியாவசியக் குக்கீக்கு ஒப்புதலே தேவையில்லை. நிராகரிப்பது கண்காணிப்புக் குக்கீகளைத்தான். தயங்காமல் நிராகரியுங்கள்.

பட்டையே வரவில்லை, ஆனால் பக்கம் மங்கலாக இருக்கிறது, நகர மாட்டேன் என்கிறது என்றால் விளம்பரத் தடுப்பான் பட்டையை மறைத்துவிட்டு, அதற்குப் பின்னால் பக்கத்தை மூடும் மங்கல் திரையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. தடுப்பானை அந்தத் தளத்துக்கு அணைத்து, பதில் சொல்லிவிட்டு, மறுபடி போடுங்கள்.

## அறிகுறி 4: 400 அல்லது 431 என்று வெறும் வெள்ளைப் பக்கம்

"பேட் ரெக்வெஸ்ட்" என்று பெரிதாகவும், அதன் கீழே ஹெடர் அல்லது குக்கீ அளவு மீறிவிட்டது என்று சிறிதாகவும் ஒரு வரி இருக்கும். தளம் திரும்பத் திரும்ப எழுதிச் சேர்த்த குக்கீ மூட்டை அதன் சர்வர் ஏற்கும் அளவைத் தாண்டிவிட்டது. ஒரு குக்கீ ஏறத்தாழ 4 கேபி வரை போகலாம். பல சர்வர்களின் இயல்பான வரம்பு 8 கேபி அருகில்தான். அந்தத் தளத்தின் குக்கீயை அழியுங்கள், அப்போதே திறக்கும். இவ்வளவு எளிதாகத் தீரும் கோளாறு இந்தப் பட்டியலில் வேறு இல்லை. அடிக்கடி வந்தால் தளத்துக்காரருக்கு எழுதுங்கள், தவறு அவர்களுடையது.

## அறிகுறி 5: கேப்சா மேல் கேப்சா, 403, 429

படத்தில் பஸ்ஸைத் தேர்ந்தெடு, படிக்கட்டைத் தேர்ந்தெடு என்று முடிவில்லாமல் போகிறது, அல்லது "அனுமதி இல்லை" (403) என்று கதவையே சாத்துகிறது. இங்கே சோதனை ஆ-தான் தீர்ப்பு சொல்லும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. நீங்கள் மனிதர் என்று நிரூபிக்க விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தி, எதையோ பேஸ்ட் செய்து என்டர் தட்டச் சொல்லும் பக்கம் கேப்சா இல்லை. உங்கள் கையாலேயே வைரஸை ஓட்ட வைக்கும் பொறி. உண்மையான கேப்சா பிரவுசரைத் தாண்டி எதையும் செய்யச் சொல்லாது. அப்படி ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் நேராக அறிகுறி 8-க்குப் போங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் மாறினாலும் தொல்லை தொடர்கிறது. கேப்சாவைத் தாண்டியதை நினைவில் வைக்கும் குக்கீயும் ஸ்கிரிப்டும் தடுக்கப்பட்டிருக்கும். எக்ஸ்டென்ஷன்களை அணைத்துப் பாருங்கள், பிரவுசரை அப்டேட் செய்யுங்கள்.

429 மட்டும் வருகிறது. குறைந்த நேரத்தில் அளவுக்கு மீறிக் கேட்டுவிட்டீர்கள் என்று பொருள். ரீஃப்ரெஷ் அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள், சில தளங்களில் தடை நீளும். பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கும் எக்ஸ்டென்ஷன் இருந்தால் அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் விட்டுவிட்டு வாருங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் சரியாகிறது. ஐபி மேல் சந்தேகம் விழுந்திருக்கிறது. இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் விபிஎன். அதே முகவரியில் முன்பின் தெரியாத பலர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் செய்த வினைக்குக் கேப்சா உங்களுக்கு வருகிறது. அணைத்துப் பாருங்கள்.

அடுத்து ரூட்டரை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போடுங்கள். பல இணைப்புகளில் புது ஐபி கிடைக்கும்.

அதற்குப் பிறகும் போகவில்லை என்றால், ஐபி உங்களுக்கு மட்டும் உரியதா என்று பாருங்கள். ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, வேன் (WAN) அல்லது இன்டர்நெட் என்ற பகுதியில் இருக்கும் ஐபியை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு, என் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்று என்றால் முகவரி உங்களுடையது. ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கி, வெளியே வேறு எண் தெரிந்தால், இணைய நிறுவனம் ஒரே முகவரிக்குப் பின்னால் பல வாடிக்கையாளர்களை வைத்திருக்கிறது. ரூட்டரில் 10 என்று தொடங்கினாலும் பெரும்பாலும் அதேதான். இந்த நிலையில் ரூட்டரில் ஐபிவி6 (ஐபி முகவரியின் புதிய வகை) வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதை ஆதரிக்கும் தளங்கள் உங்கள் வீட்டின் தனி முகவரியைப் பார்க்கும்.

முகவரி உங்களுடையதுதான், இருந்தும் தொல்லை என்றால் வீட்டுக்குள் இருக்கும் ஏதோ ஒரு கருவி உங்கள் பெயரில் வெளியே வேலை செய்துகொண்டிருக்கலாம். பேர் தெரியாத டிவி பெட்டி, அப்டேட்டே வராத பழைய கேமரா, பிள்ளைகளின் ஃபோனில் ஏற்றிய இலவச விபிஎன் ஆப் ஆகியவை முதல் சந்தேகம். இலவச விபிஎன்களில் சில, உங்கள் இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஒவ்வொன்றாக வைஃபையிலிருந்து நீக்கி ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். ஐபியின் கெட்ட பெயர் உடனே போகாது, ஒரு மணி நேரத்தில் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

எப்போது கூப்பிடுவது: பகிர்ந்த முகவரிதான் காரணம் என்று உறுதியானால் இணைய நிறுவனத்திடம் தனி ஐபி கேளுங்கள். பெரும்பாலும் கூடுதல் கட்டணம் உண்டு, அதனால்தான் கடைசியில் வைத்தேன். கருவிதான் காரணம், எது என்று பிடிபடவில்லை என்றால் ரூட்டரின் போக்குவரத்தைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த நெட்வொர்க் ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: நான் இல்லாத ஊரைக் காட்டுகிறது

விபிஎன், ஐஃபோன் என்றால் பிரைவேட் ரிலே (சஃபாரியில் ஐபியை மறைக்கும் ஆப்பிள் வசதி), இரண்டையும் பாருங்கள். பிரைவேட் ரிலேயில் தோராயமான இடத்தைக் காட்டு என்ற தேர்வு இருக்கிறது. அப்புறம் அந்தத் தளத்திலேயே ஊர், மொழி மாற்றும் இடத்தைப் பாருங்கள். முன்பு எப்போதோ தேர்ந்தெடுத்தது குக்கீயில் தங்கியிருக்கும்.

எதுவும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஐபியை வைத்து ஊரைச் சொல்வது தரவுத்தளங்களின் ஊகம்தான். நாடு பெரும்பாலும் சரியாக வரும், ஊர் அடிக்கடி தவறும், வீட்டு விலாசம் வரவே வராது. ஒரு தளம் உங்கள் தெருவரைக்கும் துல்லியமாகச் சொன்னால் அது ஐபியிலிருந்து வந்ததில்லை. எப்போதோ நீங்கள் லொகேஷன் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள். செட்டிங்ஸில் போய் அதை ரத்து செய்யுங்கள்.

## அறிகுறி 7: ஒரு தடவை பார்த்த பொருள் எல்லா இடத்திலும் விளம்பரமாக வருகிறது

ஒரே பிரவுசரில் மட்டும் துரத்துகிறது என்றால் மூன்றாம் தரப்புக் குக்கீ. குரோம் அவற்றை ஒழிப்பதாக 2020-இல் அறிவித்தது, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆகவே நீங்களே போய்த் தடுக்க வேண்டும்: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ்.

உங்கள் ஃபோனுக்கும் கணினிக்கும் சேர்ந்தே வருகிறது என்றால் பெரும்பாலும் இரண்டிலும் ஒரே கணக்கில் லாகின் செய்திருப்பீர்கள். குக்கீயை அழித்துப் பயனில்லை, அந்தக் கணக்கின் விளம்பர செட்டிங்ஸில் தனிப்பயன் விளம்பரத்தை அணையுங்கள்.

நீங்கள் தேடியது வீட்டில் இன்னொருவர் ஃபோனில் வருகிறதா? ஒரே வைஃபை என்பதால் வெளியே எல்லோருக்கும் பொதுவான ஐபி தெரியும், விளம்பர நிறுவனங்கள் அதை வைத்து ஒரே வீடு என்று சேர்த்துவிடலாம். பரிசாக வாங்க நினைத்ததையோ, உடல்நலம் பற்றித் தேடியதையோ அடுத்தவர் திரையில் பார்ப்பது சங்கடமான விஷயம். அந்த மாதிரித் தேடலை மொபைல் டேட்டாவில், பிரைவேட் டேபில், கணக்கு எதிலும் நுழையாமல் செய்யுங்கள்.

## அறிகுறி 8: "புதிய இடத்திலிருந்து லாகின்" என்று எச்சரிக்கை

முதலில் மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாதீர்கள். தளத்தின் முகவரியை நீங்களே டைப் செய்து, கணக்கின் பாதுகாப்புப் பக்கத்துக்குள் போய், லாகின் ஆன கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். அங்கே அந்தப் புதிய லாகின் இல்லை என்றால் மின்னஞ்சல் பெரும்பாலும் போலி. அழித்துவிடுங்கள்.

பட்டியலில் இருக்கிறது, நேரம் ஒத்துப்போகிறது. நீங்கள் நுழைந்த அதே நேரம், அதே வகைக் கருவி, ஊர் மட்டும் வேறு என்றால், அறிகுறி 6-இல் சொன்ன ஊகத் தவறு. குக்கீயை அழித்த பிறகு நுழைந்தாலும் பழைய கருவியே புதியதாகத் தெரியும்.

நேரம் ஒத்துப்போகவில்லை, ஓடிபியும் வரவில்லை. இதைச் சாதாரணமாக விடாதீர்கள். பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமல் ஒருவர் உள்ளே வந்திருக்கிறார் என்றால், லாகின் ஆகியிருந்த உங்கள் குக்கீயையே நகலெடுத்திருக்கலாம். அதைத் தன் பிரவுசரில் போட்டுவிட்டால் பல தளங்கள் அவரை நீங்கள் என்றே நினைக்கும். கிராக் செய்த மென்பொருள், விளையாட்டு ஏமாற்று ஆப்கள், மேலே சொன்ன போலிக் கேப்சா ஆகியவை வழியாக இந்தத் திருட்டு மென்பொருள்கள் வருகின்றன.

இங்கே வரிசை முக்கியம். பதற்றத்தில் அதே கணினியில் உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அதே ஆளிடம்தான் போகும்.

1. சந்தேகக் கணினியை இணையத்திலிருந்து பிரியுங்கள்.
2. சுத்தமான வேறு கருவியிலிருந்து முதலில் மின்னஞ்சல் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளை மீட்கும் சாவி அதுதான்.
3. எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்று என்பதை அழுத்துங்கள். சில தளங்களில் பாஸ்வேர்டை மாற்றினாலும் பழைய குக்கீ செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். இந்தப் பொத்தான்தான் அதைச் செல்லாததாக்கும்.
4. மீட்பு எண், மீட்பு மின்னஞ்சல், மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் விதிகள் ஆகியவற்றில் உங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து நீக்குங்கள்.
5. வங்கி, அதன் பிறகு மற்றக் கணக்குகள். ஒவ்வொன்றிலும் அதே இரண்டு வேலை: பாஸ்வேர்டு, பிறகு வெளியேற்றம்.

எப்போது கூப்பிடுவது: பணம் போயிருந்தால் மேற்கொண்டு எதையும் தேடிக்கொண்டிருக்காமல் உடனே வங்கியை அழையுங்கள், அடுத்து காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவு. அலுவலகக் கணக்கு என்றால் ஐடி பிரிவுக்குச் சொல்லும் முன் கணினியில் எதையும் அழிக்காதீர்கள், அவர்களுக்குத் தடயம் வேண்டும். சொந்தக் கணினி என்றால் வைரஸ் ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். படங்கள், ஆவணங்கள் இவற்றை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி நிறுவச் சொல்லுங்கள். பழைய இன்ஸ்டாலர் கோப்புகள் எதையும் திரும்பக் கொண்டுவர வேண்டாம். அது முடிந்த பிறகே அந்தக் கணினியில் புதிய பாஸ்வேர்டை டைப் செய்யுங்கள்.